குழந்தைக்கு ரத்தபேதி, கொடுத்த மருந்து கேட்கவில்லை என்றால்

குழந்தைக்குப் பேதி என்றதும் முக்கால்வாசி வீடுகளில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒருவர் தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "ரெண்டு வயசுப் பிள்ளைக்கு வயித்தால போகுது, ஏதாவது சிரப் குடுங்க" என்று கேட்பார், கடைக்காரர் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், அது ஆன்டிபயாடிக் என்றுகூடத் தெரியாமல் காலையில் அரை மூடி, ராத்திரி அரை மூடி என்று ஊற்றுவார்கள், மூன்றாம் நாள் பேதி நின்றதும் மிச்சப் பாட்டில் அடுத்த தடவைக்கென்று பிரிட்ஜ் கதவுக்குப் போய்விடும். அந்தப் பேதி அநேகமாக வைரஸால் வந்தது. மருந்து கொடுக்காமல் விட்டிருந்தாலும் அதே மூன்றாம் நாள்தான் நின்றிருக்கும். ஆனால் குழந்தையின் குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களில், அந்த மருந்துக்குச் சாகாதவை மட்டும் இப்போது பெருகி உட்கார்ந்திருக்கின்றன.

அவை தம் போக்கில் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஜப்பானில் 1950-களில் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காத ஷிகெல்லா, அதாவது ரத்தபேதியை உண்டாக்கும் பாக்டீரியா, பரவியபோது, அதன் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் 1959-ல் ஒன்றைக் காட்டினார்கள்: மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் குடலில் சாதுவாக இருக்கும் ஈகோலை என்ற பாக்டீரியாவிலிருந்து ஷிகெல்லாவுக்குத் தாவுகின்றன, அதுவும் ஒரே தாவலில் நான்கு மருந்துக்கான எதிர்ப்பும் சேர்ந்தே போகிறது. இன்று தேவையில்லாமல் கொடுத்த சிரப், நாளை நிஜமாகவே ரத்தபேதி வரும்போது வேலை செய்யாமல் போவது இப்படித்தான். "என் பிள்ளைக்கு இதுவரை ஆன்டிபயாடிக்கே கொடுத்ததில்லையே, எப்படி மருந்து கேட்காமல் போகும்?" என்று வார்டில் என்னிடம் கேட்கும் அம்மாக்கள் உண்டு. எதிர்ப்பு வருவது கிருமிக்குத்தான், குழந்தையின் உடம்புக்கு அல்ல. பக்கத்து வீட்டிலோ அங்கன்வாடியிலோ பழக்கப்பட்ட கிருமி அப்படியே உங்கள் பிள்ளையின் வாய்க்கு வருகிறது. ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு அது. ஃப்ளோரோகுயினோலோன் வகை மருந்துகளுக்கு அடங்காத ஷிகெல்லாவையும் டைபாய்டு கிருமியையும் 2024-ல் உலக சுகாதார நிறுவனம் தன் முன்னுரிமைப் பட்டியலில் உயர்நிலையில் வைத்திருக்கிறது. மேலே சொன்ன ஆஃப்ளாக்சசின் அந்த வகைதான்.

ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள் என்பதால் எங்கே காரியம் கெட்டுப்போகிறது என்று கண்ணால் பார்க்கிறேன். கெட்டுப்போகிற இடங்கள் மூன்று: தண்ணீர்ச்சத்தை விட்டுவிட்டு மருந்தைத் துரத்துவது, பரிசோதனைக்கு எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக்கை ஊற்றிவிடுவது, மருந்து ஆரம்பித்த பிறகு அது கேட்கிறதா இல்லையா என்று கவனிக்காமல் இருப்பது.

முதல் மணி நேரம் ஓஆர்எஸ்ஸுக்கு

கிருமி எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியாகவே இருக்கட்டும், முதல் ஒன்றிரண்டு நாளில் குழந்தையின் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு தண்ணீரும் உப்பும் வெளியே போவதால் வருவது. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, சொந்தக்காரர்களையே பிடித்துக் குடிக்கவைக்கச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் டாக்டர்களோ நர்ஸ்களோ இல்லை, அம்மாக்களும் அண்ணன்களும்தான். அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் ஓஆர்எஸ், பாக்கெட்டில் வருவதை இன்றைக்கு உங்கள் சமையலறையிலேயே கரைத்துக் கொடுக்கலாம்.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. சின்னது 200 மில்லிக்கு. கவரில் எழுதியிருப்பதைப் படித்து, முழு பாக்கெட்டையும் அந்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைத்துவிட வேண்டும். பெரிய பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது, அதைச் செய்யவே கூடாது. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும், குறைந்தால் குடிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சுவைக்காகச் சர்க்கரை சேர்க்க வேண்டாம், பாலில் கலக்க வேண்டாம்.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. இது ஏட்டுக் கணக்கு. வாந்தி எடுக்கிற குழந்தையிடம் இது எப்படி நடக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாட்டிலோடு கொடுக்காதீர்கள், டம்ளரோடும் வேண்டாம். தாகத்தில் மடக் மடக்கென்று குடித்துவிட்டு மொத்தமாகக் கக்கும், வீட்டில் எல்லோரும் "எதுவுமே தங்க மாட்டேங்குது" என்று பயந்து கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். குழந்தையை மடியில் சாய்த்து உட்காரவைத்து, பாலாடையிலோ டீஸ்பூனிலோ ஒரு ஸ்பூன், விழுங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம், மறுபடி ஒரு ஸ்பூன். அப்படியும் வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாகத் திரும்ப ஆரம்பியுங்கள். கை வலிக்கும், தூக்கம் வரும், ஆள் மாற்றி ஆள் உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் 100 முதல் 150 மில்லி இப்படிச் சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும்.

கடையில் அட்டைப்பெட்டியில், ஆரஞ்சு ஆப்பிள் வாசனையோடு, ஓஆர்எஸ் என்று பெயரில் சேர்த்து விற்ற பானங்களில் பல ஓஆர்எஸ்ஸே இல்லை. உண்மையான பாக்கெட்டில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்தப் பானங்களில் அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை இருந்தது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் போராடியதன் பலனாக, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று எழுதிய பவுடர் பாக்கெட். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகவே கிடைக்கும், கூடவே ஜிங்க் மாத்திரையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, ஸ்பூனில் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, 14 நாள். பேதி நாலாம் நாளே நின்றாலும் பதினாலையும் முடியுங்கள், குடலின் உள்சுவர் சரியாகவும் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி வராமல் இருக்கவும் அது உதவும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள்: குழைந்த சாதம், பருப்பு, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், எது பிடிக்கிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக. "வயித்தைக் காயப்போடணும்" என்று பாட்டி சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பல் முளைப்பதால் பேதி, மாந்தம், தொக்கம் என்று சொல்லி இரண்டு நாள் கழிந்துபோவதையும் அதன் பிறகு துவண்டுபோய் வரும் குழந்தையையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆன்டிபயாடிக் யாருக்கு, யாருக்கு வேண்டாம்

தண்ணி தண்ணியாகப் போகிறது, ரத்தம் இல்லை, லேசான ஜுரம், கொஞ்சம் வாந்தி. இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். ஏழு நாடுகளில், இந்தியாவும் அதில் ஒன்று, இரண்டு வயதுக்குள் இருக்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சாதாரணக் குழந்தைகள்கூட இல்லை, நீர்ச்சத்து குறைந்தவர்கள் அல்லது ஊட்டச்சத்து குறைந்தவர்கள். ஒரு பாதிக்கு அசித்ரோமைசின், மறு பாதிக்கு மருந்தில்லாத சிரப். 2021-ல் முடிவு வெளிவந்தபோது உயிர் பிழைப்பதில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவ்வளவு ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கே பலன் இல்லை என்றால், நன்றாகச் சாப்பிட்டு வளரும் உங்கள் பிள்ளையின் தண்ணிப்பேதிக்கு அது எதற்கு?

டாக்டர் ஆன்டிபயாடிக் யோசிக்க வேண்டிய இடங்கள்: மலத்தில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், அதுவும் ஜுரமும் முக்கலும் சேர்ந்திருந்தால், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி நிற்காமல் ஊற்றி, காலரா என்று சந்தேகம் வந்தால், மூன்று மாதத்துக்குள் இருக்கும் சிசு, மிகவும் மெலிந்த அல்லது நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, டைபாய்டு. சளி மாதிரி மட்டும் போவது இதில் சேராது. சாதாரண மலப் பரிசோதனையில் "பஸ் செல்ஸ் (சீழ் செல்கள்) 4 முதல் 6" என்று வந்துவிட்டால் இன்பெக்‌ஷன் என்று கலங்குகிறார்கள், வைரஸ் பேதியிலும் அந்த அளவுக்கு வரலாம், அந்த ஒரு வரிக்காக ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லி நிற்காதீர்கள்.

ரத்தபேதி என்றாலே அமீபா என்று நினைத்து மெட்ரோனிடசோல் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சின்னக் குழந்தைகளின் ரத்தபேதியில் அமீபாவைவிட ஷிகெல்லாதான் மிக அதிகம், மெட்ரோனிடசோலுக்கும் ஷிகெல்லாவுக்கும் சம்பந்தமே இல்லை. கொடுக்கிற இரண்டு மூன்று நாளும் நோய்க்கு மருந்தே போகாத நாட்கள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை பெரியவர்களுக்கு வாங்கி வைத்தது வீட்டில் இருக்கும், அதில் கால் துண்டு நசுக்கிக் கொடுத்தாலும் ஆபத்து: குடல் அசைவு நின்று வயிறு உப்பிவிடும், கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கும். புரோபயாடிக் பவுடர் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, அந்தக் காசுக்கு வாழைப்பழம் வாங்குங்கள்.

இன்னொன்று கவனியுங்கள். இருமலுக்கோ காதுவலிக்கோ அமாக்சிசிலின் கிளாவுலனேட் சாப்பிடும் குழந்தைக்கு நடுவில் இளகலாகப் போவது சகஜம். அது மருந்தால் வருவது. அதைப் புது இன்பெக்‌ஷன் என்று நினைத்து இரண்டாவது ஆன்டிபயாடிக்கை மேலே ஊற்றாமல், முதல் மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டரையே கேளுங்கள்.

எதையும் யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் இருந்தால். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பாகவே நின்றால். எழுப்பினாலும் எழாமல் துவண்டால், குடிக்கவே முடியாமல் போனால். வலிப்பு வந்தால், ஷிகெல்லா ஜுரத்தில் வலிப்பு வருவது உண்டு. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வயிறு கல் மாதிரி உப்பினால். மூன்று மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்குப் பேதியும் ஜுரமும் சேர்ந்து வந்தால் வேறு எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள், வழியெல்லாம் குடிக்க முடிந்தவரை ஸ்பூன் ஸ்பூனாக ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ரத்தபேதி மாதிரியே இருந்து ரத்தபேதி இல்லாத ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்திலிருந்து இரண்டு மூன்று வயது வரைக்கும், குறிப்பாக ஐந்திலிருந்து பத்து மாதக் குழந்தைகளுக்கு, நன்றாக இருக்கும் குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும், கொஞ்ச நேரத்தில் அடங்கி வெளிறிப் படுக்கும், பத்து இருபது நிமிஷத்தில் மறுபடி அதே வீறிடல், அப்புறம் சிவப்பு ஜெல்லி மாதிரி மலம். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் பார்த்து உடனே சரிசெய்ய வேண்டிய அவசரம் இது, ஆன்டிபயாடிக் சிரப்போடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டிய நோய் இல்லை.

முதல் டோஸுக்கு முன்னால் மலத்தை எடுங்கள்

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுகிறார் என்றால், "மலம் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கல்ச்சர் என்பது மலத்தில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை. ரத்தபேதிக்கும், பத்து நாளாக நிற்காத பேதிக்கும், ஏற்கெனவே ஒரு மருந்து தோற்ற பேதிக்கும் இந்தக் கேள்வி அவசியம். ஒரே ஒரு டோஸ் உள்ளே போனாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்க வழி இருக்காது, மருந்துக்கு மேல் மருந்தாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதாகிவிடும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் சொல்லும் மருந்தை ஆரம்பித்துவிடலாம்.

எடுக்கும் விதத்தில்தான் பாதி சாம்பிள் வீணாகிறது. டயபரில் போனதைச் சுரண்டி எடுக்காதீர்கள், ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். குழந்தைக்குக் கீழே சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டையோ காய்ந்த கிண்ணத்தையோ வைத்து, மூத்திரம் கலக்காமல் பிடியுங்கள், டெட்டால் போட்டுக் கழுவிய பாத்திரம் வேண்டாம். லேபில் கொடுத்த டப்பாவின் மூடியிலிருக்கும் சின்ன ஸ்பூனால் ரத்தமும் சளியும் ஒட்டியிருக்கும் பகுதியைத் தேடி எடுங்கள். ஷிகெல்லா வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும் கிருமி, அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். தூரமான ஊர் என்றால் கிருமி சாகாமல் வைத்திருக்கும் கேரி பிளேர் எனும் ஊடகம் இருக்கும் குழாயை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மைக்ரோபயாலஜி துறையிலேயே இந்தச் சோதனை செய்கிறார்கள். தனியார் இடங்களில் இப்போது பிசிஆர் பேனல் என்று ஒன்று செய்கிறார்கள், அது சில மணி நேரத்தில் கிருமியின் பெயரைச் சொல்லும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதற்குக் கல்ச்சர் வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எஸ் என்றால் மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ என்றால் டோஸைப் பொறுத்தது. இதைப் பார்த்து நீங்களே மருந்து தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறேன். ஷிகெல்லாவுக்கும் டைபாய்டுக்கும் ஜென்டாமைசின், அமிகாசின் பக்கத்தில் எஸ் என்று வரும், லேப் தட்டில் கொல்லவும் செய்யும், ஆனால் உடம்புக்குள் அவை பலன் தராது. இந்தக் கிருமிகள் செல்லுக்குள் ஒளிந்திருப்பவை. இரண்டாவது, மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணில் எது சின்னதோ அதுதான் சிறந்த மருந்து என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி, "இப்போது கொடுக்கிற மருந்து இதில் எஸ்ஸா ஆரா?" என்று கேட்டாலே போதும்.

48 மணி நேரக் கணக்கு

ரத்தபேதிக்கு மருந்து ஆரம்பித்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அன்றிலிருந்து எத்தனை தடவை போகிறது, எத்தனை தடவையில் ரத்தம் இருக்கிறது, ஜுரம் எவ்வளவு, சாப்பாடு கேட்கிறதா, மூத்திரம் போகிறதா என்று ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். சரியான மருந்து என்றால் 48 மணி நேரத்துக்குள் ஜுரம் இறங்கும், ரத்தம் குறையும், தடவை குறையும், குழந்தை சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க ஆரம்பிக்கும். எல்லாம் நிற்க வேண்டும் என்றில்லை, குறைய வேண்டும். குறையவே இல்லை என்றால் அந்தக் காகிதத்தோடு திரும்பிப் போங்கள், கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம், அப்போது உங்கள் கல்ச்சர் முடிவும் வந்திருக்கும். நிறைய பேர் இந்த இடத்தில் டாக்டரை மாற்றிவிடுகிறார்கள். புது டாக்டருக்கு முன்னால் நடந்த எதுவும் தெரியாது, அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார், ஏற்கெனவே தோற்ற மருந்தையே வேறு கம்பெனிப் பெயரில் எழுதவும் வாய்ப்பிருக்கிறது. டாக்டரை மாற்றுவதானாலும் எல்லாச் சீட்டும் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

ரத்தபேதி குறைந்து வரும் நேரத்தில், ஐந்து ஆறு நாள் கழித்து, குழந்தை வெளிறிப்போய், மூத்திரம் குறைந்து, முகம் வீங்கினால் அது வேறு. சிலவகை ஈகோலையும் ஷிகெல்லாவும் விடும் நச்சு சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

டைபாய்டில் கணக்கு மாறும்

டைபாய்டும் வாய்வழி குடலுக்குள் புகும் நோய்தான், ஆனால் பேதியைவிட ஜுரம்தான் முன்னால் நிற்கும், தினம் தினம் ஏறும், நாலைந்து நாளாகியும் காரணம் பிடிபடாது. இங்கே எடுக்க வேண்டியது ரத்தக் கல்ச்சர், அதுவும் முதல் டோஸுக்கு முன்னால். டைபாய்டுக்கென்று செய்யும் வைடால் என்ற ரத்த டெஸ்ட் ஒன்றை மட்டும் நம்பி மருந்து தொடங்குவது சரியில்லை, வேறு ஜுரத்திலும் அது பாசிட்டிவ் காட்டும். சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டு ஜுரம் இறங்க நாலிலிருந்து ஆறு நாள்கூட ஆகும். மூன்றாம் நாளே "மருந்து கேட்கல" என்று அடுத்த மருந்துக்குத் தாவிவிட வேண்டாம், குழந்தை தெளிவாக இருந்து, குடித்து, மூத்திரம் போய்க்கொண்டிருந்தால் டாக்டர் பொறுக்கச் சொல்வார்.

நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் டைபாய்டுக்குப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், அங்குள்ள ஹைதராபாத்தில், 2016-ல் தொடங்கிய டைபாய்டு, ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் உள்பட ஐந்து வகை மருந்துகளுக்கும் அடங்கவில்லை. வாயால் கொடுக்க அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. 2019-ல் பாகிஸ்தான் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்திலேயே சேர்த்தது, அப்படிச் செய்த முதல் நாடு அது. அந்தத் தடுப்பூசியை முதலில் தயாரித்து உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கியது நம் இந்திய நிறுவனம்தான். இங்கே தனியார் குழந்தைகள் மருத்துவர்களிடம் ஆறு மாதத்துக்கு மேல் போட்டுக்கொள்ளலாம், ஒரு ஊசி. செலவு ஆகும், ஆனாலும் முடிந்தவர்கள் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பேதிக்கான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம், ஆறு, பத்து, பதினாலாம் வாரங்களில். அது வைரஸுக்கானது என்றாலும் ஒரு பேதி குறைந்தால் தேவையில்லாத ஒரு ஆன்டிபயாடிக் பாட்டிலும் குறைகிறது. ஷிகெல்லாவுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

பவுடர் சிரப்பும் மிச்ச மருந்தும்

சிவப்புக் கோடு போட்ட மருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. குழந்தைகளின் ஆன்டிபயாடிக்குகளில் பல பவுடராக வரும். கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் பாட்டிலில் குறித்திருக்கும் அளவுக் கோட்டுக்குக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் சரியாகக் கோடு வரை நிரப்பிப் பாருங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் நுரை ஏமாற்றிவிடும், தண்ணீர் குறைந்தோ கூடியோ மொத்த டோஸும் மாறும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, கூட வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள், சமையலறை ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. டோஸ் எடையைப் பொறுத்தது, அதனால் அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள், அக்காவுக்கு எழுதியது தம்பிக்கு ஆகாது. குறைந்த டோஸ் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுத்து, மிச்சம் இருந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள். கலந்த பிறகு சில மருந்து ஏழு நாள்தான் தாங்கும்.

வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வராமல்

ஷிகெல்லா தண்ணீரிலும் வரும், ஆனால் வீட்டுக்குள் கையாலேயே பரவும். குழந்தையைக் கழுவிவிட்ட கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தடியில், 20 விநாடி. அதன் பிறகுதான் குழாய், கதவுப் பிடி, பால் பாட்டில் எதையும் தொட வேண்டும். அடுத்தது சமைப்பதற்கு முன், ஊட்டுவதற்கு முன். குழந்தையின் மலம்தானே என்று சாக்கடையிலோ குப்பையிலோ வீசாமல் கழிவறையில் கொட்டுங்கள், டயபரில் இருப்பதையும் கொட்டிவிட்டுச் சுருட்டிக் கட்டிப் போடுங்கள். அழுக்கான துணியைத் தனியே வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கேன் தண்ணீரானாலும் குழந்தைக்கு ஒரு நிமிஷம் நன்றாகக் கொதிக்கவைத்ததுதான். புட்டிப்பாலை முடிந்தால் விட்டுவிடுங்கள், நிப்பிளின் அடியைச் சுத்தம் செய்வது அவ்வளவு கஷ்டம். கிண்ணமும் ஸ்பூனும் போதும்.

பேதி முழுதாக நின்று 48 மணி நேரம் ஆன பிறகே அங்கன்வாடிக்கோ ப்ளே ஸ்கூலுக்கோ அனுப்புங்கள். அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் கிருமி இருக்கலாம், குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் கை கழுவுவதை அந்த ஒரு மாதம் தளர்த்த வேண்டாம். கல்ச்சர் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து, தடுப்பூசி அட்டை இருக்கும் உறையிலேயே அசலையும் போட்டு வையுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் எந்த டாக்டரிடம் எந்த ஜுரத்துக்குப் போனாலும், "இந்த மாதம் ஷிகெல்லா வந்தது, இந்த மருந்து கேட்கவில்லை, இது கேட்டது" என்று அதை எடுத்து முதலிலேயே மேஜையில் வைத்துவிடுங்கள்.